காணாமல் போன காலி இடம்

பதினேழு மணி நேரம்.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்குச் செந்தாமரை கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து போட்டாள். இடைப்பட்ட பதினேழு மணி நேரத்தில் அதிலிருந்து இருபது ஜிபி காலி இடம் திருட்டுப் போயிருந்தது.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. மேசை மேல் இருந்த தேன் பாட்டில்களில் ஒன்றுகூட நகரவில்லை. மூலையில் சாமை மூட்டைகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. எடுத்துப் போகத் தகுந்தவையெல்லாம் இருந்தன. எடுக்க ஒன்றுமே இல்லாத இடம்தான் போயிருந்தது.

அந்த வாரத்தில் அது நான்காவது திருட்டு.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று ஃபரீதா கேட்டாள்.

"சொன்னோம்மா. இன்னா போச்சுன்னாங்க. காலி இடம்னேன். நிலத் தகராறுக்கெல்லாம் விஏஓவைப் பாருன்னுட்டாங்க," என்றார் கோபால்சாமி. ஜமுனாமரத்தூரில் இயங்கும் மேல்மலை சாமை, புளி உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் அவர்.

"விஏஓ இன்னா சொன்னாரு?"

"சர்வே நம்பர் கேட்டாரு."

"குடுத்திருக்கலாமே சார்," என்றான் பிரகாஷ். "சி டிரைவ் கிராமம், டெம்ப் ஃபோல்டர். கிழக்கே டவுன்லோட்ஸ், மேற்கே குப்பைத் தொட்டி."

கோபால்சாமி குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். ஃபரீதா பிரகாஷைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அவனால் அரை நிமிடம்தான் அப்படி இருக்க முடியும்.

ஃபரீதா வாணியம்பாடியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். அதற்கு முன் ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்த்தாள். தோலை வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டையையும் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாததைத் தேடிப் பழகிய கண் என்பதால்தான் இந்த வழக்குக்கு ஒப்புக்கொண்டு மலை ஏறி வந்திருந்தாள். பிரகாஷ் அவளுடைய உதவியாளன். முன்பு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கொடுத்ததைவிடப் பயணிகளைக் கிண்டல் செய்தது அதிகம் என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

"நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது," என்றார் கோபால்சாமி. "அதுக்குள்ள நீங்க சொல்லிடணும். சொன்னாலும் சொல்லாங்காட்டியும் இந்தாம்மாவை வேலைய வுட்டு அனுப்பத் தீர்மானம் எழுதியாச்சு. தேதி மட்டும் போடணும்."

இந்தாம்மா என்று அவர் கை காட்டிய செந்தாமரை கணினி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எதை வெச்சு இவங்கதான்னு சொல்றீங்க?"

"கம்ப்யூட்டரைத் தொடுறது ஒரே ஆளு. திருட்டுப் போறது அதே கம்ப்யூட்டர்ல. வேற யாரைச் சொல்றது? சாமை மூட்டையவா?"

பேசும்போது அவருடைய வலது கை இடது தோளுக்குப் போய் எதையோ இழுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பியது. தோளில் ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் கை மறுபடியும் போனது. மறுபடியும் ஒன்றும் இல்லை.

ஃபரீதா இரண்டு முறையும் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா," என்றாள் செந்தாமரையிடம்.

"இன்னாக்கா சொல்றது? காலி இடத்தைத் திருடி நான் எங்க வெச்சுக்கப் போறேன்? எங்க வூட்டுல இருக்கிறது எல்லாமே காலி இடம்தான்."

பிரகாஷ் அவளை மரியாதையோடு பார்த்தான். தொழில் போட்டி வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

செந்தாமரை சொன்னது இதுதான். சங்கத்துக்குப் புது எடை மென்பொருள் வந்திருக்கிறது. அதை ஏற்றிவிட்டால் மலைக்காரர்கள் இங்கேயே சாமையை எடை போட்டுக் கொடுக்கலாம். கைக்குழந்தையோடு செங்கத்தில் மூன்று மாதம் தங்கி இந்த வேலையை அவள் கற்றுக்கொண்டு வந்தாள். மென்பொருள் ஏறவில்லையென்றால் எடை மேடையும் இல்லை, வேலையும் இல்லை. அவளும் அவள் புருஷனும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

தினமும் காலை பத்து மணிக்குச் செங்கத்திலிருந்து ரமேஷ் என்ற மென்பொருள்காரர் லைனில் வருவார். சாவி எண் சொல்லுவார். இவள் நிறுவும் பொத்தானை அழுத்துவாள். உடனே ஒரு சின்னப் பெட்டி எழும். தற்காலிகக் கோப்புகளுக்குப் போதுமான இடம் இல்லை.

"ஏன் இல்லன்னு பாத்து, வேண்டாததை அழிக்கறதுக்குள்ள மேகம் எறங்கிடும். மேகம் எறங்கினா நெட்டு போயிடும். அப்பறம் ரமேஷ் சாரைப் புடிக்க முடியாது. சாயங்காலம் போறப்ப கூட்டிப் பெருக்கி இருபது ஜிபி காலியாக் காட்டிட்டுத்தான் போறேன். மறுநாள் வந்து பாத்தா இல்ல."

"பேரு தெரியும். ஆனா டெம்ப்னா நெசமா இன்னா மேடம்?" என்றான் பிரகாஷ் ஃபரீதாவிடம், மெதுவாக.

பதில் செந்தாமரையிடமிருந்து வந்தது. "சாமைய மூட்டையோட தின்ன முடியுமா? கொட்டணும், புடைக்கணும். அதுக்கு ஒரு களம் வேணும். சாப்ட்வேரும் மூட்டையாத்தான் வருது. அது கொட்டிப் புடைக்கிற களம்தான் டெம்ப். வேலை முடிஞ்சா தானா காலி பண்ணிட்டுப் போயிடும்."

"சாமை எடை போட எதுக்கு இருபது ஜிபி? ஒவ்வொரு மணியையும் பேர் சொல்லிக் கூப்புடுமா?"

"அதை ரமேஷ் சாரைக் கேளுங்க."

ஃபரீதா கணினிக்கு மேலே சுவரைப் பார்த்தாள். ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிரகாஷ் உரக்கப் படித்தான். "நிர்வாகக் குழுத் தீர்மானம். செயலாளர் எக்காரணம் கொண்டும் கணினியைத் தொடக் கூடாது. இப்படிக்கு, கோ. கோபால்சாமி, செயலாளர்."

"சார், உங்களுக்கு நீங்களே தடை போட்டுக்கினீங்களா?"

"செயலாளர் கையெழுத்து இல்லாம தீர்மானம் செல்லாது," என்றார் கோபால்சாமி விறைப்பாக.

"போன வருசம் கரண்ட்டு மிச்சம் பண்றேன்னு, ஓடிக்கினு இருக்கும்போதே பிளக்கைப் புடுங்கிட்டாரு," என்றாள் செந்தாமரை. "வருசம் முச்சூடும் எழுதின புளி விவரம் போச்சு."

"மூணே முறைதான் புடுங்குனேன்."

"ஒரு முறைக்கே போயிடுச்சு சார். மீதி ரெண்டு சும்மா."

ஃபரீதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டெம்ப்பைத் திற."

செந்தாமரை திறந்தாள். உள்ளே இருபது கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒரே வீடியோ. ஒரே பெயர். பெயருக்குப் பின்னால் நகல், நகல் இரண்டு, நகல் மூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஜிபி.

"நாலு நாளா இதேதாங்க்கா. அழிக்கிறேன், காலையில மறுபடி வந்து குந்திக்குது. வைரஸுன்னு நெனச்சேன். ஆனா வைரஸ் எண்ணிப் பாத்தா வரும்?"

"ஓட விடு."

திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. துணி உரசுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு ஹார்ன். ஒரு இருமல். மறுபடியும் துணி.

"சட்டைப் பையில இருந்த போன் தானா படம் எடுத்திருக்கு," என்றாள் ஃபரீதா.

"மணிக்கணக்கா இருட்டு. அதுல இருபது காப்பி," என்றான் பிரகாஷ். "இருட்டுக்கு இவ்ளோ ரசிகருங்களா?"

கோபால்சாமி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபரீதா திரையைத் தொடாமல், தோலைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இதைப் போட்ட ஆளுக்கு இதுக்குள்ள இருக்கிறது வேணாம். உள்ள ஒண்ணும் இல்ல. பருமன்தான் வேணும். அதுவும் சாப்ட்வேருக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோவே. பத்தொம்பது போட்டாலும் கெட்டுத்தான் போவும், முப்பது போட்டாலும் கெட்டுத்தான் போவும். கெடுக்கிற ஆளு ஏன் அளந்து போடணும்?"

"நல்ல மனசுள்ள திருடன்," என்றான் பிரகாஷ். "அளவுக்கு மேல திருட மாட்டான்."

செந்தாமரையின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. "அழிச்சிடட்டா அக்கா? நாலு மணிக்குக் குழு முன்னால ரமேஷ் சார் கடைசியா ஒரு வாட்டி லைன்ல வர்றாரு. இடம் இருந்தா ஏத்திடலாம்."

"வேணாம். இப்ப அழிச்சா சாப்ட்வேர் ஏறும். ஆனா இதைப் போட்டது யாருன்னு தெரியாது. தெரியாத வரைக்கும் அது நீதான்."

செந்தாமரை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் கோபால்சாமி. "பகல்லதான் தப்பு நடக்குது. காலையில ஏழு மணிக்கு இருபதும் பத்திரமா இருக்குது. ராத்திரி பூட்டறதுக்குள்ள காணாம பூடுது. பகல்ல இங்க இருக்கிறது யாரு?"

"இன்னா சார் தலைகீழா சொல்றீங்க? பகல்ல ஒண்ணும் போவல. ராத்திரிதான் போவுது."

"பகல்ல!"

"ராத்திரி!"

"ரெண்டு ஷிப்டு திருடன்," என்றான் பிரகாஷ். "மேடம், இதுல ஒருத்தர் பொய் சொல்றாங்க."

"பொய் சொல்றவங்க இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லுவாங்க," என்றாள் ஃபரீதா. அவள் சுவரில் இருந்த தீர்மானத்தை இன்னொரு முறை படித்தாள்.

கோபால்சாமி குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம் இருக்குது. புளி வாங்க வர்ற பாஷா பாயைப் புடிங்க. வாராவாரம் வந்து இந்த ரூமுலதான் போனுக்கு சார்ஜ் போடறாரு. இந்தாம்மா அவருக்குப் படம் ஏத்தித் தர்றான்னு ஊருல பேச்சு. அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஸ்டாண்டுலதான் நிப்பாரு."

"படமா? அவருக்கா?" என்று எழுந்தாள் செந்தாமரை.

"நீ உக்காரு," என்றாள் ஃபரீதா. "நாலு மணிக்குள்ள வந்துடறேன். எதையும் அழிக்காத."

*

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய ஆலங்காயம் பஸ் காலையிலேயே வந்து நின்றிருந்தது. டிரைவர் பஸ்ஸின் நிழலில் படுத்திருந்தார். ஸ்டாண்டில் ஆள் நடமாட்டமே இல்லை. பஸ்ஸுக்குள் ஒரே ஒருவர், மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"பாஷா பாய்?"

"நான்தாம்மா."

"ஏன் நிக்கிறீங்க?"

"எடம் இல்லம்மா."

பிரகாஷ் ஏறி எட்டிப் பார்த்தான். பஸ்ஸில் ஒருவரும் இல்லை. எல்லா சீட்டிலும் ஏதாவது இருந்தது. துண்டு, கட்டைப் பை, குடை, மடித்த சாக்கு, ஒரு பலாப்பழம். கடைசி சீட்டில் ஒற்றைச் செருப்பு.

"ரெண்டரை மணி நேரம் இருக்குதே பாய். வெளிய நிழல்ல உக்காந்துட்டு வரலாமே?"

"எறங்குனா நிக்கிற எடமும் பூடும்."

ஃபரீதா நேராகக் கேட்டாள். "சங்கத்துக் கம்ப்யூட்டர்ல படம் ஏத்தி வெச்சிருக்கீங்களா?"

பாஷா ஒரு கையால் கம்பியை விடாமல், மறு கையால் ஜிப்பாப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். பட்டன் போன். ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ரப்பர் பேண்டு இல்லையென்றால் பேட்டரி தனியாக ஊருக்குப் போய்விடும் போலிருந்தது.

"இதுல படம் புடிக்கவும் முடியாது, பாக்கவும் முடியாது. டார்ச் லைட்டு எரியும். எப்பவாச்சும் போனும் வரும். செந்தாமரை நல்ல பொண்ணும்மா. அதும் பேர்ல ஏன் வம்பு?"

"முடிஞ்சுது மேடம்," என்றான் பிரகாஷ். "இருந்த ஒரே துப்பும் ரப்பர் பேண்டுல நிக்குது."

ஃபரீதா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பஸ்ஸின் நடுவழியில் மெதுவாக நடந்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். அவள் முகம் மாறியதைப் பிரகாஷ் கவனிக்கவில்லை. அவன் பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரகாஷ், இதுல சட்டம் இன்னா?"

"எதுல மேடம்?"

"துண்டு போடறதுல."

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். இந்த வேலையில் சேர்ந்த பிறகு முதல் முறையாக அவனுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். "ஜன்னல் வழியா போட்டாலும் செல்லும், உள்ள வந்து போட்டாலும் செல்லும். துண்டுன்னா ஒரு சீட்டு. நீட்டிப் போட்டா மூணு. பையி, குடையி எல்லாம் அதே கணக்கு. ஒத்தச் செருப்பு போட்டா சண்டைக்கு ரெடின்னு அர்த்தம். போட்ட ஆளு வர்ற வரைக்கும் கண்டக்டரே கை வைக்க முடியாது. வைக்கணும்னா மூணு முறை கத்திக் கேக்கணும். யாருதுன்னு."

"கேட்டா?"

"எந்தக் கடையில டீ குடிச்சிக்கினு இருந்தாலும் ஓடி வந்து 'என்னுது'ன்னுவாங்க மேடம். தன்னால வரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். பொண்டாட்டி பேரு மறந்தாலும் போட்ட துண்டு மறக்காது."

"எல்லாம் அவங்கவங்களுக்குப் போட்டதா?"

இதற்கு பாஷா பதில் சொன்னார். "அது கொஞ்சம்தாம்மா. வரப்போறவங்களுக்குப் போட்டதுதான் ஜாஸ்தி. மச்சானுக்கு, சம்பந்திக்கு. அதுல ஒரு கூத்து இருக்குது. போன வாரம் எனக்குன்னு என் மச்சான் துண்டு போட்டு வெச்சுட்டு எங்கியோ போய்ட்டான். நான் வந்தேன். துண்டு கெடந்துது. யாரோ போட்டிருக்காங்கன்னு மரியாதையா பக்கத்துல நின்னேன். ஆலங்காயம் வரைக்கும் நின்னுக்கினே போனேன். எறங்கறப்பதான் தெரியுது, அது எனக்குன்னு போட்டதாம். எனக்கு எடம் வேணும்னு போட்ட துண்டாலதான் எனக்கு எடம் இல்லாம பூடுச்சு."

ஃபரீதா சிரித்தாள். வாணியம்பாடியில் கிளம்பியதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. பாஷாவுக்குச் சற்று வருத்தமாகிவிட்டது.

"உங்களைப் பாத்துச் சிரிக்கல பாய். நீங்க இப்ப ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க."

"நின்னுக்கினேவா?"

மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. பச்சைக் கரை. நான்காக மடித்து, சீட்டின் ஓரத்தோடு ஓரம் பொருந்த, அளந்து வைத்ததுபோல் வைத்திருந்தார்கள். ஃபரீதா அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து தன் இடது தோளை ஒரு முறை தொட்டுக்கொண்டாள்.

"யாரு மேடம்?" என்றான் பிரகாஷ். இறங்கி நடக்கும்போது மறுபடியும் கேட்டான். "சொல்லுங்க மேடம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அதிகபட்சம் செந்தாமரைகிட்ட."

"உன் பழைய தொண்டை இருக்குதா?"

"எந்தத் தொண்டை?"

"பஸ்ஸுல கத்துவியே, அது."

*

நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடியிருந்தது. நாற்காலி இரண்டுதான் என்பதால் ஏழு பேரில் ஐந்து பேர் சாமை மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கோபால்சாமி தீர்மானத்தை முழங்கால் மேல் வைத்து, தேதி போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மேசையில் இருந்த போனில் ரமேஷ் லைனில் இருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள்.

"சாவி எண் போட்டாச்சா?" என்றது ரமேஷின் குரல்.

"போட்டாச்சு சார்," என்றாள் செந்தாமரை.

"அழுத்துங்க."

அழுத்தினாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். சின்னப் பெட்டி எழுந்தது. தற்காலிகக் கோப்புகளுக்குப் போதுமான இடம் இல்லை.

மூட்டைகள் மேலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கோபால்சாமி பேனாவைத் தாளில் வைத்தார். செந்தாமரை ஃபரீதாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கேள்விக்கு ஃபரீதா தலையை மட்டும் அசைத்தாள்.

"ரமேஷ் சார், ஒரு நிமிஷம். நான் ஃபரீதா. போன வாரம் நீங்க இந்த ஆபீசுக்குப் போன் பண்ணப்ப இன்னா சொன்னீங்க? அதே வார்த்தையைச் சொல்லுங்க."

"டெம்ப் ஃபோல்டர்ல இருபது ஜிபி இடம் வேணும், நாங்க வர்ற வரைக்கும் அதை வேற யாரும் எடுத்துக்காம பாத்துக்குங்கன்னு சொன்னேன். தினமும் ஞாபகப்படுத்தறேன் மேடம். தினமும் யாரோ எடுத்துடறாங்க."

"அப்ப யாரெல்லாம் கேட்டது?"

"நான் கேட்டேன்," என்றாள் செந்தாமரை. "ஸ்பீக்கர்ல இருந்துது. ரூமுல இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க."

"இப்ப டெம்ப்புல இருக்கிற இருபது வீடியோவையும் எடுத்துட்டா, ரமேஷ் சார்?"

"உடனே ஏறிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"எல்லாத்தையும் தேர்ந்தெடும்மா," என்றாள் ஃபரீதா.

செந்தாமரை தேர்ந்தெடுத்தாள். இருபது வரிகளும் நீலமாயின. கோபால்சாமி பேனாவை மூடினார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். அவருடைய வலது கை இடது தோளுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"எதுக்கும்மா அழிக்கிறது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பாவம், அது பாட்டுக்குக் கெடக்குது."

"பாவமா? இது உங்களுக்கு வேணுமா சார்?"

"எனக்கு எதுக்கு? நான்தான் கம்ப்யூட்டரையே தொடறதில்லையே." அவர் சுவரைக் காட்டினார்.

"அப்ப சரி. செந்தாமரை, அழிக்கிற பட்டன் மேல விரலை வெச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் அழுத்தாத." ஃபரீதா திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். "பிரகாஷ்."

பிரகாஷ் வாசல்படியில் ஏறி ஒரு காலைத் தொங்கவிட்டு நின்றான். நிலைச்சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். மறு கையால் கதவுப் பலகையில் இரண்டு தட்டு தட்டினான். மலை ரோட்டில் ஆறு மாதம் கத்திய தொண்டை திறந்தது.

"யாருதுப்பா இந்தத் துண்டு! சீட்டுல ஆளக் காணோம்! துண்டு மட்டும் கெடக்குது! யாருது சொல்லுங்க!"

மூட்டை மேல் இருந்த ஒருவர் தன்னையறியாமல் இடுப்பைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் எழுந்து இரண்டடி வைத்துவிட்டு, இது ஆபீஸ் என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். போனிலிருந்து ரமேஷ், "என்னாச்சு, பஸ்ஸுல இருக்கீங்களா?" என்றார்.

கோபால்சாமி இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது முறை கேக்கறேன்!" பிரகாஷ் பலகையைத் தட்டினான். "டெம்ப்புல இருபது துண்டு! ஆளில்லாத துண்டை எல்லாம் எடுத்து வெளிய வீசப் போறேன்! அப்பறம் என் எடத்தை எவனோ எடுத்துட்டான்னு என்கிட்ட வரக்கூடாது!"

கோபால்சாமியின் உதடு அசைந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. அவர் கண் செந்தாமரையின் விரல் மேலேயே இருந்தது. நாலு நாளாக யாரோ எடுத்தெடுத்து எறிந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் வரவேண்டியது வந்துவிடும். அது வரும் நேரம் பார்த்து எடுக்கப் போகிறார்கள்.

"ஆளு யாரும் இல்ல மேடம்," என்றான் பிரகாஷ் சாதாரணக் குரலில்.

"சரி," என்றாள் ஃபரீதா. "கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுத் தூக்கிப் போடு."

பிரகாஷ் மூச்சை இழுத்தான். "மூணாவது முறை! யாருதுப்பா துண்டு! எடுத்து வீசறேன்!"

செந்தாமரையின் விரல் கீழே இறங்கியது.

"ஏய், கை வைக்காத!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, கோபால்சாமி ஓடி வந்து திரைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஆளு வருதுய்யா! சாப்ட்வேருக்குன்னு எடம் புடிச்சு, தெனம் காலையில ஏழு மணிக்கு வந்து நான்தான் போட்டு வெச்சேன்! அந்த இருபதும் என்னுது!"